அந்த டிக் சத்தம்

எனக்குக் காது கூர்மை. பெருமைக்குச் சொல்லவில்லை, என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஒலிப்புத்தகம் தயாரிப்பது என் தொழில். ஒருவர் படிப்பார், நான் பதிவு செய்வேன். பிறகு அவருடைய இருமல், பெருமூச்சு, எச்சில் விழுங்குவது, பசியில் வயிறு உறுமுவது எல்லாவற்றையும் தேடித்தேடி வெட்டி எறிந்துவிட்டுக் குரலை மட்டும் துடைத்துக் கொடுப்பேன். வருஷக்கணக்கில் இதையே செய்தால் யாருக்கும் சந்தேகப் புத்தி வரத்தான் செய்யும். சமையலறையில் ஒரு டப்பா திறந்தால் யார் எதை எடுக்கிறார்கள் என்று எனக்கு இங்கிருந்தே தெரியும். "உன் பக்கத்துல நின்னு மூச்சு விடவே பயமா இருக்கு" என்பார் என் கணவர். அப்படி என்னத்தை மறைக்கிறார் என்றுதான் நான் யோசிப்பேன்.

வீட்டின் பின்னறைதான் என் ஸ்டூடியோ. சுவரெல்லாம் போர்வை, ஜன்னலில் ஒரு பழைய மெத்தை. நடுவில் ஒரு மர மேசை, அதன் மேல் என் லேப்டாப். மேசை விளிம்பில் ஒரு இரும்புக் கையைப் பிடிப்பு போட்டு முடுக்கி, அதில் மைக்கை மாட்டியிருந்தேன். அந்த லேப்டாப்பை வீட்டில் யாரும் தொடக் கூடாது. 'இன்னொரு காப்பி எங்கயாவது போட்டு வையேன்' என்று கணவர் அவ்வப்போது சொல்லுவார். இணையத்தில் போடலாமாம். முகம் தெரியாத எவனோ வைத்திருக்கிற கம்ப்யூட்டரில் என் உழைப்பைக் கொண்டுபோய்க் கொட்டுவதா? தனியாக ஒரு பென்டிரைவில் போடலாமாம். அது யார் கையில் சிக்கும் என்று யார் கண்டது? நான் நம்பியது அந்த லேப்டாப் ஒன்றைத்தான்.

இந்த நிலைமையில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தார். கணவருக்கு ஒரே அக்கா, எனக்கு அண்ணி. பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பள்ளியில் காலமெல்லாம் புவியியல் சொல்லிக்கொடுத்தவர். மலை, ஆறு, பாலைவனம் எதையும் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்குக் குரலாலேயே காட்டியவர். எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கமும் கிடையாது. அவர் வந்தால் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். அவர் எதைப் பார்க்கிறார் என்று நான் பார்ப்பேன்.

அவருக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல் திரும்பாது.

"குரல் போறதுக்குள்ள புவியியல் புத்தகம் பூராவும் படிச்சுக் குடுத்துடறேன். பிள்ளைங்க கேக்கட்டும். நீ பதிவு பண்ணித் தருவியா?" என்று கேட்டார்.

"இதென்ன கேள்வி அண்ணி? தாராளமா" என்றேன். சத்தியமாக மனதாரத்தான் சொன்னேன்.

தினமும் காலையில் வந்து உட்கார்ந்து படிப்பார். கரகரப்பு ஏறிவிட்ட குரல்தான். ஆனாலும் எரிமலை என்று அவர் சொன்னால் நமக்குச் சுடும். அந்தப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்று நானே நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் ஐஸ் வைக்கிறேன் என்று நினைத்துவிட்டால்?

சில நாள் போயிருக்கும். பதிவைத் திருப்பிக் கேட்கும்போது, 'ஆற்றின் பிறப்பிடம்' என்ற சொற்களுக்கு நடுவில் ஒரு சத்தம். டிக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். டிக், டிக்.

முதலில் சுவர்க் கடிகாரத்தின் மேல் சந்தேகம். பேட்டரியைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாளும் டிக். அடுத்தது மாடி வீட்டுக்காரர். செருப்புக் காலோடு வீட்டுக்குள் உலாத்துகிற ஆசாமி. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் அவரை நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். அவர் பாவம், நான் நடக்கலையே, படுத்துத்தானே இருந்தேன் என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம் கணவர். அவருக்குக் கைவிரலில் சொடக்கு எடுக்கிற பழக்கம் உண்டு. காலையில் பதிவு முடிகிறவரைக்கும் வீட்டிலேயே இருக்காதீர்கள் என்று வெளியே துரத்திவிட்டேன். அப்போதும் டிக்.

மிச்சம் இருந்தது அறைக்குள் உட்கார்ந்திருந்த ஒரே ஆள்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. உங்க பல் செட்டு கொஞ்சம் ஆடுதோ?" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பல் செட்டைக் கழற்றி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, அன்றைய பாடத்தைப் பொக்கை வாயோடு படித்தார். பாலைவனம் முழுக்கக் காற்றாகப் போயிற்று. ஒரு சொல்லும் விளங்கவில்லை. டிக் மட்டும் பளிச்சென்று இருந்தது. பல்லை மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

பல் இல்லையென்றால் நகம். எனக்குப் புத்தி அப்படித்தான் போயிற்று. பல் செட்டைச் சொன்ன கோபத்தில் வேண்டுமென்றே மேசைக்கு அடியில் நகத்தால் தட்டுகிறார், என் வேலையைக் கெடுக்கப் பார்க்கிறார். அன்றிலிருந்து அவர் படிக்கும்போது நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவர் கைகளையே பார்த்தேன். அவருக்கு அது தெரிந்துவிட்டது. மறுநாள் உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் தூக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக மேசை மேல் வைத்துக்கொண்டார். பக்கம் திருப்ப மட்டும் ஒரு கையை எடுப்பார், உடனே திருப்பி வைத்துவிடுவார். கடைசிப் பாடம் வரைக்கும் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி அப்படியேதான் படித்தார். டிக் நிற்கவில்லை. அப்படியானால் முழங்காலோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

எப்படியோ புத்தகம் முடிந்தது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். குரல் போய்விட்டது. நான் பின்னறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாடமாக டிக்கை அழித்துக்கொண்டிருந்தேன். அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. சத்தத்தை ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும், அதே மாதிரி இருப்பதையெல்லாம் அதுவே பொறுக்கி எடுத்துவிடும். வேலை சுலபம்தான். ஆனால் லேப்டாப் என்னவோ ஆமை வேகத்தில் ஊர்ந்தது. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். யாரோ இதில் கை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அப்படித் தோன்றக் காரணமும் இருந்தது. பதிவு நடந்த நாட்களில், சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மூடி வைத்த லேப்டாப் சூடாக இருக்கும். கணவரைப் பிடித்துக் கேட்டேன். "நான் எதுக்கு அதைத் தொடறேன்? சத்தியமா இல்ல" என்றார். சத்தியம் செய்த வேகமே எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்று மத்தியானம் 'கடலும் அலைகளும்' பாடத்தில் இருந்தேன். திரை அப்படியே உறைந்துபோயிற்று. கையெடுத்துக் கும்பிட்டும் நகரவில்லை. ஹெட்போனைக் கழற்றினேன். வீட்டில் யாரும் இல்லை. கணவர் ஆஸ்பத்திரியில். மாடி வீட்டுக்காரர் ஊரில் இல்லை. கடிகாரத்தில் பேட்டரி இல்லை. மைக்கும் அணைந்திருந்தது.

டிக்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறையைச் சுற்றிப் பார்த்தேன். டிக், டிக். குனிந்து மேசை மேல் காதை வைத்தேன். மரத்துக்குள்ளிருந்து கேட்டது. பிறகு லேப்டாப்பின் மேல், இடது உள்ளங்கை படுகிற இடத்தில் காதை வைத்தேன். அங்கேதான். அதற்குள்தான். அதன் ஹார்ட் டிஸ்க் இத்தனை நாளாக மேசை வழியாக மைக்குக்குள் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் போகப்போகிறேன், போகப்போகிறேன் என்று அது சொல்லச் சொல்ல, நான் அதைப் பொறுக்கிப் பொறுக்கி அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். காதை வைத்துப் பிழைக்கிறவள் லட்சணம் இது.

அணைத்துவிட்டுப் போட்டேன். வரவில்லை. மறுபடி அணைத்தேன், மறுபடி போட்டேன். கறுப்புத் திரையில், தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று வெள்ளை எழுத்தில் வந்து நின்றது. வேறு எது போயிருந்தாலும் மறுபடி பதிவு செய்துகொள்ளலாம். அண்ணியின் குரலை எங்கே போய்ப் பதிவு செய்வது? அது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

கடைத்தெருவில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில், லேப்டாப் சரிசெய்கிறவர் ஒருவர் இருக்கிறார். காதில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளியைச் செருகியிருப்பதால் தெருவில் அவருக்குத் திருப்புளி என்றே பெயர். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிடுகிற கூட்டம் என்று கேள்விப்பட்டிருந்ததால், கிளம்பும் முன் லேப்டாப்பின் அடிப்பக்கத்துத் திருகு ஒவ்வொன்றின் மேலும் நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு போனேன். என்னைக் கேட்காமல் திறந்தால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

திருப்புளி அதைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "நிறைய பேர் பேனால குறி போடுவாங்க மேடம். நகப்பூச்சு இப்பதான் பாக்கறேன். கலர் நல்லா இருக்கு."

"என் கண்ணு முன்னாடிதான் திறக்கணும்."

"தாராளமா. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க." காதை லேப்டாப் பக்கம் கொண்டுபோனார். "திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"ஒரே ஒரு தடவை."

"சத்தம் எப்பலேர்ந்து வருது?"

"இன்னைக்குதான்" என்றேன். அவரிடம் போய் என் மானத்தை வாங்கிக்கொள்ளவா?

பூச்சுப் பொட்டுகளை உடைத்துத் திறந்து, டிஸ்க்கைக் கழற்றி, ஒரு ஒயரில் மாட்டித் தன் கம்ப்யூட்டரில் இணைத்தார். உள்ளே ஒரு தட்டு சுற்றும், அதற்கு மேல் ஊசி மாதிரி ஒன்று நகர்ந்து நகர்ந்து படிக்கும் என்றார். ஊசிக்குப் போகவேண்டிய இடம் பிடிபடாவிட்டால் ஆரம்பித்த இடத்துக்கே ஓடிப்போய் முட்டிக்கொள்ளும், அந்தச் சத்தம்தான் டிக். சாதாரணமாகக் காப்பி எடுத்தால் கெட்ட இடத்திலேயே மாட்டிக்கொண்டு செத்துவிடும். அதனால் கெட்ட இடத்தைத் தாண்டித்தாண்டி, படிக்க முடிகிறதை மட்டும் முதலில் அள்ளிக்கொள்கிற ஒரு மென்பொருளை ஓடவிட்டார்.

"நேரம் ஆகும். விட்டுட்டுப் போங்க, நான் ஃபோன் பண்றேன்."

"இல்ல, இருக்கேன்."

"நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன் மேடம்."

"நீங்க வேலையப் பாருங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு இன்னொரு ஜோடிக் கைகள் ஞாபகம் வந்தது. சட்டென்று பார்வையை எடுத்துச் சுவரைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

என் பழைய வேலைகள் எல்லாம் மளமளவென்று வந்தன. அண்ணியின் பாடங்கள் புதியவை, அவை இருந்த பக்கம்தான் கெட்டிருந்தது. கோப்புகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக வந்தன. மலைகள், ஆறுகள், பாலைவனம். ஒன்றைத் திறந்தார். ஒன்றுமில்லை. அடுத்ததைத் திறந்தார். அதிலும் ஒன்றுமில்லை. நான் எத்தனையோ வருஷமாகத் தேடிய சுத்தமான மௌனம் அங்கேதான் இருந்தது. மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கும்போது, டிக் டிக் என்றது கீச்சென்று இழுத்து, பிறகு நின்றேபோயிற்று.

"தட்டுல கீறல் விழுந்துடுச்சுன்னு நினைக்கிறேன். இதையே தொழிலா செய்யிற பெரிய இடத்துக்கு அனுப்பலாம். ஆனா வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். இதுக்கு வேற காப்பி எதுவும் இல்லையா?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. பைக்குள் டிஸ்க்கைப் போட்டுக்கொண்டு படி இறங்கும்போது, ஒருவேளை இவர் எடுத்து வைத்துக்கொண்டு இல்லையென்கிறாரோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அவர் எதற்குப் பாலைவனத்தை வைத்துக்கொள்ளப் போகிறார்?

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "அண்ணி குரல் போயிடுச்சுங்க. நானே தொலைச்சுட்டேன்."

"சரி விடு, பாத்துக்கலாம்" என்றார் அவர்.

அழுகை அப்படியே நின்றது. கூடப்பிறந்த அக்காவின் குரல் போயிற்று என்கிறேன், இந்த மனிதர் பஸ் போய்விட்டது என்கிற மாதிரி பாத்துக்கலாம் என்கிறார்.

"என்ன பாத்துக்கலாம்? என்ன மறைக்கிறீங்க?"

அவர் சொடக்கு எடுக்க ஆரம்பித்தார். எல்லா விரலும் தீர்ந்த பிறகு, எழுந்துபோய் தன் அலுவலகப் பையின் அடியில் துழாவி, ஒரு பென்டிரைவை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார்.

"அக்கா குடுத்துச்சு. தினமும் நீ குளிக்கப் போறப்ப அன்னைக்குப் பதிவானத இதுல காப்பி எடுத்து வைக்கச் சொல்லிச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொல்லிச்சு. எல்லாப் பாடமும் இருக்கு."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான்.

"அப்ப சத்தியம் பண்ணீங்களே?"

"பயத்துல பண்ணிட்டேன்."

"என் மேல அவங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லையா? நான் என்ன, அவங்க பேசுனத வெட்டி ஒட்டி வித்துடுவேனா? என் வீட்டுலயே, என் முதுகுக்குப் பின்னாடியே, அக்காவும் தம்பியும் சேர்ந்து..."

"கேட்டுப் பாரு" என்றார். "சும்மா குதிக்காத. கேட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசு." இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

அவருடைய பழைய லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி, ஹெட்போனை மாட்டினேன். நான் கை வைக்காத பதிவுகள். இருமல், பெருமூச்சு, டிக் எல்லாம் அப்படியே இருந்தன. அண்ணியின் குரலும் இருந்தது. ஆறுகள் பாடத்தின் நடுவில் என் குரல் வந்தது. "ஒரு நிமிஷம் அண்ணி, அந்த மாடி வீட்டு ஆளை ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்." கதவு சாத்துகிற சத்தம். பதிவை நிறுத்தாமலேயே போயிருக்கிறேன். இந்த இடத்தை எடிட் செய்யும்போது, நான் வெளியே போனதிலிருந்து திரும்பி வந்ததுவரை கேட்காமலேயே மொத்தமாக வெட்டியிருந்தேன்.

இப்போது கேட்டேன். நாற்காலி நகர்ந்தது. துணி உரசியது. மூச்சுக் காற்று மைக்குக்கு மிக அருகில் வந்தது. யாரோ குனிகிறார்கள். டிக். கொஞ்ச நேரம் மௌனம். டிக், டிக்.

"டேய், இங்க வா" என்றார் அண்ணி. கதவு திறந்தது. "இதுல காதை வச்சுப் பாரு. இந்தப் பெட்டிக்குள்ளேர்ந்துதான் வருது."

"ஆமாக்கா" என்றார் என் கணவர். "ஹார்ட் டிஸ்க் போகப்போகுதுன்னு நினைக்கிறேன். அவகிட்ட சொல்லிடலாமா?"

"நீ சொல்லுவியா?"

"நானா? என்னைக் கொன்னுடுவா."

அண்ணி சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

"சொன்னா இதைத் தூக்கிக்கிட்டு ரிப்பேருக்குப் போயிடுவா. எனக்கு நாள் இல்லடா, படிச்சு முடிக்கணும். நீ தினமும் ஒரு காப்பி எடுத்துக்க, போதும்."

"அவ கடைசில உன்னைத்தான்கா சந்தேகப்படுவா."

"பட்டா பட்டுட்டுப் போறா. உலகத்துலயே அவ நம்புறது இந்தப் பெட்டி ஒண்ணத்தான். அதையும் நான் ஏன் கெடுக்கணும்?"

வெளியே மாடிப்படியில் என் காலடிச் சத்தம் தடதடவென்று கேட்டது. கணவர் ஓடுகிற சத்தம். நாற்காலி. பிறகு அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, "ஆறு மலையை விட்டு இறங்கியதும் அதன் வேகம் குறைகிறது" என்று ஆரம்பித்தார்.

பல் செட்டைப் பற்றி நான் கேட்டது அதற்குப் பிறகு. நகம் என்று நினைத்தது அதற்கும் பிறகு. எல்லாம் தெரிந்துதான் அவர் பல்லைக் கழற்றியிருக்கிறார். தெரிந்துதான் கைகளைத் தூக்கி மேசை மேல் வைத்திருக்கிறார். ஹெட்போனைக் கழற்றவும் முடியாமல், கேட்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

பென்டிரைவில் இருந்ததையெல்லாம் அந்த லேப்டாப்பில் ஒரு காப்பி, என் ஃபோனில் ஒரு காப்பி எடுத்தேன். கணவர் சொல்லிக்கொண்டே இருந்தாரே, அந்த இணையத்திலும் ஒன்று போட்டேன். முகம் தெரியாதவன் வேண்டுமானால் கேட்டுவிட்டுப் போகட்டும், அவனுக்கும் கொஞ்சம் புவியியல் தெரியட்டும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். கழுத்தில் கட்டோடு அண்ணி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை போர்வை இழுத்துவிட்டிருந்தது. வரும் வழியெல்லாம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று கோத்து வைத்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் அதில் முதல் சொல் மட்டும் வந்தது.

"அண்ணி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பார்த்ததும், போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் மெதுவாக வெளியே எடுத்து, எனக்குத் தெரிகிற மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்வை மேல் வைத்துக்கொண்டார். கண் மட்டும் சிரித்தது.

நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் குளிரில் சில்லிட்டிருந்த அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போர்வைக்குள் திருப்பி வைத்தேன்.